குவாசூலு-நடாலில் பசு வைத்து வெண்ணெய் எடுப்பது: காகிதம் முதல் கடைகயிறு வரை

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் மாகாணத்தில், டர்பனில் வேலை, மிட்லேண்ட்ஸ் என்ற மேட்டுப்பகுதிப் பக்கம் சின்னதாய் ஒரு நிலம், அதில் இரண்டு ஜெர்சி பசு, காலையில் கடைந்த வெண்ணெய் என்று திட்டம் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, “மத்து எங்கே கிடைக்கும்?” என்பதுதான். மத்து கிடைக்கும். ஊரிலிருந்து வரும் யாராவது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். மாட்டுக்கான காகிதம், கொட்டகைக்கான சான்றிதழ், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனைத் தாள், தராசின் முத்திரை இதையெல்லாம் யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள். எதற்குப் பின் எது என்று தெரியாவிட்டால் பசு ஒரு பக்கம் பால் கொடுத்துக்கொண்டே இருக்கும், நீங்கள் இன்னொரு பக்கம் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

மிட்லேண்ட்ஸில் உள்ள ஹோவிக் பக்கம் நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். அலுவலகமும் அதன் வேகமும் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

1. வீட்டுக்கா, விற்கவா?

வீட்டுச் செலவுக்கு மட்டும் என்றால் 3, 8, 9 ஆகிய பகுதிகளைத் தாண்டிப் போகலாம். ஆனால் ஒரு கிலோ வெண்ணெயைக் காசுக்குக் கொடுத்தாலும், அது பக்கத்து வீட்டு அக்காவுக்கே ஆனாலும், எல்லாம் வேண்டும். “தெரிந்தவர்களுக்கு மட்டும்தானே” என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே சட்டத்தில் அதற்கு இடமில்லை.

ஊரிலிருந்து வந்தவர்கள் முதலில் தங்கள் விசாவை எடுத்துப் பாருங்கள். வேலை விசாவில் இருப்பவர் அந்த வேலையைத்தான் பார்க்கலாம். சொந்த வியாபாரம் தொடங்க முடியாது. துணைவரின் விசாவோடு வந்தவருக்கும் பெரும்பாலும் அதே கதி. வியாபார விசாவுக்கு 50 லட்சம் ராண்டு முதலீடு காட்டச் சொல்கிறார்கள். இரண்டு பசுவுக்காக யாரும் அதற்குப் போக மாட்டார்கள். நிரந்தர வசிப்புரிமையோ குடியுரிமையோ உள்ள ஒருவர் குடும்பத்தில் இருந்தால் எல்லாவற்றையும் அவர் பெயரிலேயே தொடங்குங்கள். பிறகு பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஏன் என்று மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் மாதிரி நகருக்குள் வீட்டுக் கொல்லையில் பசு வைக்க நகராட்சியின் துணை விதிகள் குறுக்கே நிற்கும். நிலம் பார்க்கும்போதே, “இங்கே மாடு வைக்கலாமா, பால் பொருள் தயாரித்து விற்கலாமா?” என்று நில உபயோகப் பிரிவில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வீட்டுத் தரகர் வாயால் சொல்வது எதற்கும் ஆகாது.

2. பசு வாங்கும்போது

மடியைப் பார்ப்பதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள்.

இந்த நாட்டில் எல்லா மாட்டுக்கும் பதிவு செய்த அடையாளக் குறி இருக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டின் கால்நடை அடையாளச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மூன்று எழுத்துக்குள் அடங்கும் அந்தக் குறி ஒவ்வொரு உரிமையாளருக்கும் தனி. மாடு வாங்கிய பிறகு விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வேளாண்மைத் துறையில் இன்றைக்கே விண்ணப்பம் கொடுங்கள், வந்து சேர நாளாகும்.

விற்பவரிடம் இரண்டு தாள் வாங்க வேண்டும். ஒன்று, மாடு அவருடையது, உங்களுக்கு விற்றுவிட்டார் என்று சொல்லும் அடையாள ஆவணம். இன்னொன்று, மாட்டை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதற்கான அப்புறப்படுத்தல் சான்று. இரண்டும் கால்நடைத் திருட்டுச் சட்டத்தின்படி கட்டாயம். எங்களுக்கு மாடு விற்றவர் ஒரே ஒரு ரசீதைக் கையில் திணித்து, “இது போதும்” என்றார். பக்கியில் (பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மாட்டை ஏற்றிக்கொண்டு வந்தால் வழியில் போலீஸ் மறித்தது. தாளில் மாட்டின் நிறம் இல்லை, குறி இல்லை, போகும் இடம் இல்லை. விற்றவரைப் போனில் பிடித்து, அவர் எழுதி அனுப்பி, அது வந்து சேரும்வரை மாடு வண்டியிலேயே வெயிலில் நின்றது. தேதி, விற்பவர் வாங்குபவர் பெயர் முகவரி, மாட்டின் நிறம், ஆணா பெண்ணா, குறி, எங்கிருந்து எங்கே, கையெழுத்து: இவ்வளவும் தாளில் இருக்கிறதா என்று வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் சரிபாருங்கள்.

அப்புறம் நோய். குவாசூலு-நடாலில் மூன்றைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும்.

கோமாரி: 2021-லிருந்து இந்த மாகாணத்தில் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்த இடத்திலிருந்து அனுமதி இல்லாமல் மாட்டை வெளியே கொண்டுவர முடியாது. அந்த எல்லைகளும் அடிக்கடி மாறும். வாங்கப் போகும் வாரத்தில் அரசுக் கால்நடை மருத்துவரின் அலுவலகத்துக்குப் போன் செய்து இரண்டு இடத்தையும் சொல்லிக் கேளுங்கள். மாட்டுக்கு நோய் இல்லை என்று உரிமையாளர் எழுதித் தரும் உறுதிமொழியும் வேண்டும். எங்கிருந்து வாங்கினாலும் புதிதாக வந்த மாட்டை 28 நாள் தனியே வைக்க வேண்டும்.

புரூசெல்லோசிஸ்: கன்று வீச்சு ஏற்படுத்தும் நோய். பால் வழியாக மனிதருக்கும் வரும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி என்று மாதக்கணக்கில் படுத்தும். கிடாரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அதற்கான அத்தாட்சியும், பெரிய மாடாக இருந்தால் சமீபத்திய ரத்தப் பரிசோதனை முடிவும் கேளுங்கள். “எங்கள் மந்தையில் அதெல்லாம் இல்லை” என்பது பரிசோதனை முடிவு ஆகாது.

காசநோய்: தோலில் ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்து மருத்துவர் திரும்ப வந்து தடவிப் பார்ப்பார். இரண்டு முறை வர வேண்டும் என்பதால் இரண்டு வருகைக்கும் சேர்த்துக் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவர்கள் தூரத்துக்கும் கிலோமீட்டர் கணக்கில் வாங்குவார்கள். அதே பாதையில் இன்னும் இரண்டு வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு கூப்பிட்டால் அந்தச் செலவு பிரிந்துபோகும்.

எந்த இனம் என்று கேட்டால், வெண்ணெய்க்கு ஜெர்சிதான். கொழுப்பு 4.5 முதல் 5 சதவீதம் வரை வரும். ஃப்ரீஷியன் குடம் குடமாய்க் கறக்கும், கொழுப்பு 3.5 பக்கம்தான் நிற்கும். ஜெர்சிப் பாலில் 20 லிட்டருக்கு ஒரு கிலோ வெண்ணெய் எதிர்பார்க்கலாம். ஃப்ரீஷியனில் அதற்கே 26, 27 லிட்டர் ஆகும். எருமைப்பால் வெண்ணெய் தின்று வளர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே பச்சைப் புல் மேய்ந்த பசுவின் வெண்ணெய் மஞ்சளாகத்தான் இருக்கும். சாயம் போட்டதா என்று விருந்தாளிகள் கேட்பார்கள், பழகிவிடும்.

3. அந்த 28 நாளில் முடிக்க வேண்டியவை

மாடு தனியே நிற்கும் இந்த நாட்களை வீணாக்காதீர்கள். விற்பதற்கான எல்லாக் காகித வேலையையும் இதற்குள் நகர்த்திவிட வேண்டும்.

முதலில் ‘சர்டிஃபிகேட் ஆஃப் அக்செப்டபிலிட்டி’, அதாவது இடம் தகுந்தது என்ற சான்றிதழ். உணவு தயாரிக்கும் எந்த இடத்துக்கும் 2018-இன் ஆர் 638 விதிகளின்படி இது கட்டாயம். கொடுப்பவர் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி. பலர் தவறான வாசலில் நிற்பது இங்கேதான்: டர்பனில் எதெக்வினி மாநகராட்சியே கொடுக்கும். ஹோவிக் மாதிரி ஊர்களில் உள்ளூர் நகராட்சிக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். சுகாதாரப் பிரிவு மாவட்ட நகராட்சியிடம், அதாவது உம்குங்குண்ட்லோவுவிடம் இருக்கிறது.

விண்ணப்பத்தோடு அடையாள அட்டை, முகவரிச் சான்று, இடத்தின் வரைபடம், நிலம் உங்களுடையது இல்லை என்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம், பொறுப்பாளர் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்ததற்கான சான்று இவையெல்லாம் கேட்பார்கள். பயிற்சியை முதலில் முடித்துவிடுங்கள். அது இல்லாமல் மற்றவை நகராது. கட்டணம் நகராட்சிக்கு நகராட்சி வேறுபடும், போனிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சான்றிதழ் ஆளுக்கும் இடத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது. ஆள் மாறினாலும் இடம் மாறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விசா விஷயத்தில் பெயரை முன்பே யோசிக்கச் சொன்னது இதனால்தான்.

அதிகாரி வந்து பார்ப்பவை: சுவரும் தரையும் வழுவழுப்பாக, கழுவக்கூடியதாக இருக்கிறதா, கை கழுவத் தனித் தொட்டி, அதில் சுடுநீரும் குளிர்ந்த நீரும் வருகிறதா, கழிப்பறைக் கதவு நேராக இந்த அறைக்குள் திறக்கிறதா, ஈ வராமல் வலை உண்டா, குளிர்பெட்டியில் வெப்பமானி இருக்கிறதா. நம் வீட்டு அடுப்படியிலேயே செய்து காட்டிவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். தாளிப்பும் நாய்க்குட்டியும் இல்லாத ஒரு தனி அறை வேண்டும். பழைய கேரேஜை ஓடு பதித்து மாற்றுவதுதான் குறைந்த செலவில் முடியும்.

நம் மர மத்துக்கு இங்கேதான் சோதனை. உணவு படும் பரப்பு உறிஞ்சாததாக, வெடிப்பு இல்லாததாக இருக்க வேண்டும் என்று விதி. மரம் எவ்வளவு நல்ல மரமானாலும் அதிகாரி புருவத்தைத் தூக்குவார். வீட்டுக்கு மர மத்தை வைத்துக்கொண்டு, விற்பனைக்கு எவர்சில்வர் மத்தோ கையால் சுற்றிக் கடையும் எவர்சில்வர் பாத்திரமோ வைத்துவிடுங்கள். வெண்ணெய்க்கு இந்த வித்தியாசம் தெரியாது.

கறக்கும் கொட்டகைக்குத் தனிச் சான்றிதழ். அது 2012-இன் ஆர் 961 விதிகளின் கீழ் வரும். ஒரே அதிகாரிதான் பெரும்பாலும் பார்ப்பார், இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே நாளில் கொடுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் அவர் மறுபடி வரும்வரை காத்திருக்க நேரும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் சான்ஸ் 241 என்ற குடிநீர்த் தரத்துக்குப் பரிசோதனை வேண்டும். பரிசோதனைக்கூடம் தரும் புட்டியில்தான் பிடிக்க வேண்டும், குளிர்ச்சியாக அன்றே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பிடித்துக்கொண்டு போனால் வாங்க மாட்டார்கள். திங்கள், செவ்வாயில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி பதிவு கட்டாயமில்லை. சொந்தப் பெயரிலேயே நடத்தி வருமானவரிக் கணக்கில் காட்டலாம். கம்பெனிதான் வேண்டும் என்றால் இணையத்திலேயே 125 ராண்டில் பதியலாம், விரும்பிய பெயரை ஒதுக்க இன்னும் 50 ராண்டு. இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதும் அதே பக்கத்தைத் திறந்து நிரப்புவதுதான்.

4. பால்

கன்று போட்ட முதல் நாலைந்து நாள் சீம்பால். வெண்ணெய்ப் பானைக்கு அது வேண்டாம், கன்றுக்குப் போக மிச்சத்தைத் திரட்டுப்பாலாக்கிச் சாப்பிடுங்கள். மடிநோய்க்கு மருந்து போட்டால் மருந்துச் சீட்டில் போட்டிருக்கும் நாள் கழியும்வரை பாலைத் தனியே ஒதுக்குங்கள். மறந்து கலந்துவிட்டால் தயிர்ப்பானையே காட்டிக்கொடுத்துவிடும்: எவ்வளவு நல்ல உறைமோர் ஊற்றினாலும் பால் பாலாகவே நிற்கும், ஏனென்றால் மருந்து உறைய வைக்கும் கிருமியையும் கொன்றுவிடுகிறது.

சைலேஜ் (புளிக்க வைத்த பசுந்தீவனம்), முட்டைக்கோஸ் இலை, வெங்காயத் தாள் போன்ற வாசனைத் தீவனங்களைக் கறந்த பிறகு வையுங்கள். முன்னால் வைத்தால் வாசனை பாலுக்கு ஏறும், பாலை விட வெண்ணெய்க்கு அதிகம் ஏறும்.

பச்சைப்பாலில் எடுத்த வெண்ணெய்க்குத் தனி ருசி என்று சொல்பவர்கள் உண்டு. புரூசெல்லோசிஸ் இருக்கும் மாகாணத்தில் அந்த ருசி எனக்கு வேண்டாம். பச்சைப்பால் விற்கப் பெரும்பாலான ஊர்களில் அனுமதியும் இல்லை. தயிர் வழி போகிறவர்கள் பொங்கக் காய்ச்சிவிடுவதால் பிரச்சினை இல்லை. க்ரீம் வழி போகிறவர்கள் பாலை 63 டிகிரியில் 30 நிமிடம் வைக்க வேண்டும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் பால் பாத்திரம், கலக்க ஒரு கரண்டி, நம்பகமான வெப்பமானி. பாத்திரத்தின் அடி 63 காட்டும்போது மேல் நுரை 55-இல் இருக்கும். மூடி வைத்துக் கலக்கிக்கொண்டே இருங்கள். விற்பனைக்குப் போனால் ஃபாஸ்ஃபடேஸ் பரிசோதனை கேட்பார்கள். பால் சரியாகச் சூடானதா என்பதை அது ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும்.

5. தயிரா, க்ரீமா?

ஒரு பசு, தினமும் கொஞ்சம், மோரும் வேண்டும் என்பவர்களுக்குத் தயிர். இரண்டு மூன்று பசு, வாரம் ஒருமுறை கடைதல் என்பவர்களுக்கு க்ரீம்.

தயிர் வழி நமக்குத் தெரிந்ததுதான்: காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, உறை ஊற்றி, ராத்திரி முழுக்க வைப்பது. மிட்லேண்ட்ஸ் குளிர் மட்டும் ஊரில் பார்க்காதது. ஜூன், ஜூலையில் ராத்திரி உறைபனி விழும், காலையில் பானையைத் திறந்தால் பால் விறைத்துக்கொண்டு நிற்கும். கம்பளியில் சுற்றி, வெந்நீர் புட்டி இரண்டை அணைத்து வைத்து, ஐஸ் வைக்கும் கூலர் பெட்டிக்குள் மூடி வைத்துவிடுங்கள். குளிரைக் காக்கும் பெட்டி சூட்டையும் காக்கும்.

க்ரீம் வழியில், சூடாக்கி ஆற்றிய பாலை அகன்ற பாத்திரத்தில் குளிர்பெட்டியில் 24 மணி நேரம் வைத்து மேலே திரளும் க்ரீமை வழித்தெடுக்கலாம். அடியில் கொஞ்சம் கொழுப்பு தங்கிப் போகும். கையால் சுற்றும் பிரிப்பான் வாங்கினால் அந்த நஷ்டமும் இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் தட்டுகளைக் கழற்றிக் கழுவ வேண்டும். இரண்டு பசுவுக்குக் குறைவாக இருந்தால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். நாலைந்து நாள் க்ரீமைச் சேர்க்கலாம். புதுச் சூடான க்ரீமை நேராகப் பழையதில் ஊற்றாமல், அதுவும் குளிர்ந்த பிறகு சேருங்கள். கடைவதற்கு முந்தின நாள் லிட்டருக்கு இரண்டு கரண்டி நல்ல தயிர் கலந்து, 18 முதல் 20 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்தால் நம் வெண்ணெயின் மணம் வரும். புளிக்க வைக்காமலும் கடையலாம், ஆனால் சூப்பர் மார்க்கெட் வெண்ணெய் மாதிரி வரும். அதற்கு எதற்கு இவ்வளவு பாடு?

6. கடைதல்

இங்கே எல்லாமே வெப்பநிலைதான். க்ரீமுக்கு 12 முதல் 14 டிகிரி, தயிருக்கு 14 முதல் 16. கோடையில் ஒரு படி குறைத்து, குளிர்காலத்தில் ஒரு படி ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் டர்பன் பக்கம் மதியம் கடைய உட்காராதீர்கள். விடிகாலை நாலு, ஐந்து மணிதான் சரி.

பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. க்ரீம் முதலில் நுரைத்து இரட்டிப்பாகும், இடம் இல்லாவிட்டால் நுரையிலேயே நின்றுவிடும்.

என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். முதல் பத்து நிமிடம் மத்து லேசாகச் சுற்றும், தளதளவென்று சத்தம் வரும். அப்புறம் கெட்டியாகி மத்து கனக்கும், சத்தம் அமுங்கிவிடும், கயிறு இழுக்கும் தோள் வலிக்கும். பெரும்பாலோர் சலித்துப்போய் நிறுத்துவது இந்த இடத்தில்தான். இன்னும் கொஞ்சம் போங்கள். திடீரென்று மத்து வழுக்கிக்கொண்டு லேசாகும், ‘சளப் சளப்’ என்று தண்ணீர்ச் சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பூச்சு விட்டுப்போய், மத்தின் இதழ்களில் மஞ்சள் மணி மணியாக ஒட்டியிருக்கும். அடியில் மோர் நீர்த்து நீலம் பாரித்த வெள்ளையாக இருக்கும். மணி கடுகைத் தாண்டிக் கோதுமை அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். உருண்டையாகத் திரளட்டும் என்று மேலும் கடைந்தால் மோரை உள்ளே சிறைபிடித்துக்கொண்டு திரளும். அந்த வெண்ணெய் சீக்கிரம் காறும்.

எல்லாம் சரியாக இருந்தால் 20 முதல் 40 நிமிடம். முக்கால் மணி ஆகியும் நுரையாகவே இருந்தால் மூன்றில் ஒன்று: க்ரீம் அதிகக் குளிர்ச்சி, அல்லது நீர்த்த க்ரீம், அல்லது பசு வற்றும் காலத்தில் இருக்கிறது. முதலாவதுக்குப் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். சுடுநீரை உள்ளே ஊற்றக் கூடாது. இரண்டாவதுக்கு அடுத்த முறை கெட்டியாக வழியுங்கள். மூன்றாவதுக்கு அந்தப் பாலைத் தனியே கடையாமல், புதிதாகக் கன்று போட்ட பசுவின் பாலோடு சேர்க்க வேண்டும். சீக்கிரமே திரண்டு, கிரீஸ் மாதிரி வழவழவென்று வந்தால் சூடு அதிகம்; ஐஸ் தண்ணீர் ஒரு டம்ளர் விட்டு மெதுவாகச் சுற்றுங்கள்.

மிக்சியில் செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், விட்டு விட்டுத் தட்டுங்கள். தொடர்ந்து ஓடினால் ஜாடியின் சூடே வெண்ணெயை இளக்கிவிடும்.

மோர் குடம் குடமாக மிஞ்சும். பக்கத்துப் பண்ணையில் இருக்கும் ஜூலு பாட்டியை எல்லோரும் கோகோ என்று கூப்பிடுவோம். அமாசி என்ற கெட்டிப் புளித்த பால் போடுவதில் கைதேர்ந்தவர். எங்கள் மோரை ஒருமுறை வாயில் வைத்துவிட்டு, தண்ணீர் ஜாஸ்தி என்று முகம் சுளித்தார். இருந்தாலும் பேரப்பிள்ளைகள் புட்டு உதிர்த்துப் போட்டுச் சாப்பிட வாளியோடு வாங்கிப்போவார். அவர் புட்டு நம் புட்டு இல்லை, மக்காச்சோள மாவில் உதிரியாகக் கிண்டுவது. நன்றாகத்தான் இருக்கிறது.

7. கழுவி, பிசைந்து, உப்புப் போட்டு

மோரை வடித்துவிட்டு, அது இருந்த அளவுக்கே ஐஸ் குளிர்ச்சியான தண்ணீர் ஊற்றி நாலு சுற்றுச் சுற்றி வடியுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை, பெரும்பாலும் மூன்று முறை. பரிசோதித்த தண்ணீரையே பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்துவிட்டு கடைசியில் கிணற்றுக் கிருமியைக் கலப்பதில் அர்த்தமில்லை.

அப்புறம் குளிர்ந்த தட்டில் போட்டு வீட்டுக்கென்றால் மரக்கரண்டியால், விற்பனைக்கென்றால் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அழுத்தி மடித்து அழுத்துங்கள். கையால் பிசைந்தால் கைச்சூட்டில் இளகும். துண்டாக வெட்டிப் பார்த்தால் வெட்டுப் பரப்பில் தண்ணீர்த் துளி தெரியக் கூடாது. ‘வெண்ணெய்’ என்று விற்க வேண்டுமானால் பால்கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, தண்ணீர் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால் இந்தப் பிசைதல் சட்டத்துக்கும் சேர்த்துத்தான்.

உப்பு போடுவதென்றால் கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் தூள் உப்பு. கல் உப்பு நறநறக்கும். உப்பில்லாதது குளிர்பெட்டியில் இரண்டு வாரம், உப்புப் போட்டது ஒரு மாதம் தாங்கும். வெளிச்சம் பட்டாலும் காறும். கண்ணாடித்தாளில் சுற்றி அழகு பார்க்காமல் ஒளி புகாத தாளில் சுற்றுங்கள்.

நெய்யாக்குவதென்றால் அடி கனத்த பாத்திரம், சின்னத் தீ. சடசடப்பு அடங்கி, கசடு பொன்னிறமானதும் இறக்கி ஒரு கொத்து முருங்கைக்கீரை போடுங்கள். டர்பன் பக்கம் முருங்கை கொல்லையிலேயே வளரும், மேட்டுப் பனியில் கருகும். ஒரு கிலோ வெண்ணெய்க்கு 750 முதல் 800 கிராம் நெய். ஈரமில்லாத புட்டி முக்கியம்.

8. லேபிள், தராசு

வீட்டுச் சமையல் தராசில் நிறுத்து விற்க முடியாது. வியாபாரத் தராசு சரிபார்த்து முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். அப்படி முத்திரையோடு விற்பதையே கேட்டு வாங்கினால் பிறகு அலைச்சல் மிச்சம்.

லேபிள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழில் கூடுதலாகப் போடுவது உங்கள் ஆசை. பொருளின் பெயர், சேர்மானங்கள், பசும்பால் ஒவ்வாமைக் குறிப்பு, நிகர எடை, பெயர் முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, தொகுதி எண், தேதி, எப்படி வைக்க வேண்டும் என்பது எல்லாம் வேண்டும். ‘சுத்தமான’, ‘இயற்கையான’, ‘பாரம்பரிய’ போன்ற சொற்களை இஷ்டத்துக்குப் போடக் கூடாது. 2010-இன் ஆர் 146 விதிகளில் அவற்றுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆயிரம் லேபிள் அச்சடிப்பதற்கு முன்னால் மாதிரி ஒன்றைச் சுகாதார அதிகாரிக்கு அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

9. விலையும் காலமும்

பாலை வாங்கிக் கடைவது கட்டுபடியாகாது. லிட்டர் 15 ராண்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ வெண்ணெயில் பால் மட்டுமே 300 ராண்டு. சூப்பர் மார்க்கெட் விலைக்கு அருகில்கூட நிற்க முடியாது. சொந்தப் பசு, சொந்தப் புல், மோருக்கும் ஒரு விலை என்றால்தான் கணக்கு நேராகும். வெண்ணெயை விட நெய்யில் மிச்சம் அதிகம், கெடுகிற பயமும் இல்லை. வாட் பதிவு செய்யும் அளவுக்கு வளர்ந்தவர்கள் கவனிக்க: பாலுக்கு வரி பூஜ்யம், வெண்ணெய்க்கு 15 சதவீதம்.

கார்க்லூஃப், ஷாங்வெனி மாதிரி சனிக்கிழமைச் சந்தைகளில் இடம் கேட்டால் சான்றிதழ் நகலை முதலில் கேட்பார்கள், பொறுப்புக் காப்பீடும் கேட்கலாம். விற்கும் நேரம் முழுக்க வெண்ணெய் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கூலர் பெட்டிக்குள் ஒரு வெப்பமானியைப் போட்டு வையுங்கள், அதிகாரி வந்தால் அதைத்தான் பார்ப்பார்.

பசுவின் நாட்காட்டியைத் திருவிழா நாட்காட்டியோடு சேர்த்து வையுங்கள். செப்டம்பர் மழைக்கு முன்பின்னாகப் புல் துளிர்க்கும். புரட்டாசி விரதமும் தீபாவளியும் அதே சமயத்தில் வரும், நெய் கேட்டு ஆள் வருவார்கள். அதனால் ஆகஸ்டில் கன்று போடுகிற மாதிரி நவம்பர் தொடக்கத்தில் சினை ஊசி போட ஏற்பாடு செய்யுங்கள். கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பு கறவையை நிறுத்த வேண்டும்; அது சரியாக ஜூன், ஜூலைக் குளிரில் விழும், உங்களுக்கும் ஓய்வு. அந்தக் காலத்துக்கான எராக்ரோஸ்டிஸ் என்ற தீவனப்புல்லின் காய்ந்த கட்டுகளை மார்ச், ஏப்ரலிலேயே வாங்கி அடுக்கிவிடுங்கள். ஜூலையில் எல்லோரும் தேடுவார்கள், விற்பவர் சொன்னதுதான் விலை.

தைப்பூசக் காவடிக்கு நெய் வேண்டும் என்பவர்களிடம் நவம்பரிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிசம்பர் 16-க்குப் பிறகு புட்டி விற்கிற கடை, பரிசோதனைக்கூடம், நகராட்சி அலுவலகம் எல்லாம் பாதி மூடிக் கிடக்கும். ஜனவரி இரண்டாம் வாரம்வரை எந்தக் காகிதமும் நகராது.